எவாஞ்சலின் என்று ஒரு பெண் வாழ்ந்தாளா?

உங்கள் பாட்டியின் பெயர் எவாஞ்சலின். பள்ளி ஆசிரியராக இருந்த அவருடைய தந்தை, தான் படித்த ஏதோ ஓர் ஆங்கிலக் கவிதையின் நாயகி பெயரை மகளுக்கு வைத்ததாக வீட்டில் சொல்வார்கள். அந்த நாயகி உண்மையில் வாழ்ந்தவளா, அமெரிக்காவின் லூசியானாவில் அவளுக்குக் கல்லறை இருப்பதாக ஒரு படம் பார்த்தேனே, அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இதில் இரண்டு கேள்விகள் தெரிகின்றன. அவள் வாழ்ந்தாளா என்பது வெளியே தெரியும் கேள்வி. அந்தக் கவிதையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது உள்ளே இருக்கும் கேள்வி. முதலாவதற்குப் பதில் சுருக்கமானது: வாழவில்லை. இரண்டாவதற்கு அவ்வளவு எளிதாகப் பதில் சொல்ல முடியாது. அந்தக் கவிதையில் உண்மை பிசகும் இடங்கள் உண்டு. ஆனால் அவற்றில் முக்கியமானது காதலர்களைக் கற்பனையாகப் படைத்தது அல்ல.

நான் ஒரு கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக ஆங்கில இலக்கியம் நடத்தியவன். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கவிதைதான் பெரும்பாலும் என் தாள். கதை தொடங்கும் கனடாவின் நோவா ஸ்கோஷியாவை நேரில் பார்த்ததில்லை. பிரெஞ்சு மொழியை அகராதியின் துணையோடுதான் படிப்பேன். ஆகவே ஆங்கிலக் கவிதையைப் பற்றி நான் சொல்வதற்கு இருக்கும் உறுதி, கதைக்குரிய மக்களான அக்காடியரின் சொந்த எழுத்தைப் பற்றி நான் சொல்வதற்குக் கிடையாது.

கவிதையின் பெயர் ‘எவாஞ்சலின்: அக்காடியாவின் ஒரு கதை’. ஹென்றி வாட்ஸ்வொர்த் லாங்ஃபெல்லோ எழுதியது. 1847-இல் பாஸ்டனில் வெளிவந்தது. அக்காடியா என்பது இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில், பெரும்பாலும் இன்றைய நோவா ஸ்கோஷியாவில், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பிரெஞ்சுக் குடியானவர்கள் வாழ்ந்துவந்த நிலம். கதை தொடங்குவது அங்கே மைனஸ் வளைகுடாவை ஒட்டிய கிராண்ட் ப்ரே என்ற ஊரில். பெயருக்குப் ‘பெரிய புல்வெளி’ என்று பொருள். எழுபது வயதுப் பெனடிக்ட் பெல்ஃபோன்டைன் அந்த ஊரின் பெரிய விவசாயி. மகள் எவாஞ்சலினுக்கு வயது பதினேழு. கொல்லர் பேசிலின் மகன் கேப்ரியல் அவளோடு ஒரே பாதிரியாரிடம் எழுத்துப் படித்து வளர்ந்தவன். நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய இரவு ஊர் நோட்டரி வந்து ஒப்பந்தம் எழுதுகிறார். பெனடிக்ட் தோல்பையிலிருந்து வெள்ளிக்காசுகளை எடுத்து, கேட்ட கூலியைப் போல மூன்று மடங்கு மேஜைமேல் வைக்கிறார். பெரியவர்கள் கணப்பு அடுப்பின் அருகே பலகையில் காய் நகர்த்தி விளையாட, சன்னலோரத்தில் இரண்டு பேர் நிலவு எழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் கொண்டுபோகப்போகும் சீர் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் துணி, அவளே நெய்தது. இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடிக்கும். பெரிய காதல் வசனம் எதுவும் இல்லை. ஒரு வீடு இரவில் எப்படி அடங்குகிறது என்பது மட்டுமே இருக்கிறது.

மறுநாள் தோட்டத்தில் பிடில் வாசிப்பும் நடனமுமாக இருக்கையில் முரசு அடிக்கிறது. ஆண்கள் எல்லோரும் தேவாலயத்துக்கு வரவேண்டும் என்று ஆங்கிலத் தளபதியின் உத்தரவு. உள்ளே போனதும் கதவு மூடப்படுகிறது. நிலம், வீடு, கால்நடை எல்லாம் மன்னருக்குச் சொந்தம், நீங்கள் எல்லோரும் நாடு கடத்தப்படுகிறீர்கள் என்று அறிவிக்கிறார்கள். ஐந்தாம் நாள் கப்பலேற்றும் குழப்பத்தில் கேப்ரியலும் அவன் தந்தையும் வெவ்வேறு கப்பல்களில் போய்விடுகிறார்கள். ஊர் தீப்பிடித்து எரிவதைப் பார்த்தபடியே பெனடிக்ட் கரையில் உயிர்விடுகிறார். கவிதையின் மறுபாதி முழுவதும் தேடல்: ஒஹையோ, மிசிசிப்பி, லூசியானாவின் சதுப்பு நிலம், மேற்கே ஓசார்க் மலைகள், வடக்கே மிச்சிகன். போகும் இடமெல்லாம் அவன் சற்றுமுன்தான் புறப்பட்டுப் போயிருப்பான். கடைசியில் முதுமையில், ஃபிலடெல்ஃபியாவில் கொள்ளைநோய் பரவிய காலத்தில், ஏழைகள் விடுதி ஒன்றில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும்போது படுக்கையில் கிடக்கும் கிழவன் ஒருவனின் முகத்தில் அவனை அடையாளம் காண்கிறாள். அவள் பெயரைச் சொல்ல முயல்கிறான், நா எழவில்லை, இறந்துவிடுகிறான்.

வகுப்பில் நான் முழுக் கவிதையையும் நடத்தியதே இல்லை, மாணவர்கள் தாங்கமாட்டார்கள். ஆனால் அட்சாஃபலாயா ஆற்றுப் பகுதியை மட்டும் ஒரு முறையும் விட்டதில்லை. இரவெல்லாம் துடுப்புப் போட்ட களைப்பில் எவாஞ்சலினின் படகினர் ஒரு தீவின் ஓரத்தில், மர நிழலில், பட்டப்பகலில் உறங்குகிறார்கள். அதே நேரம் அதே தீவின் மறுபக்கம், தாழைபோல் அடர்ந்த பனைப்புதர்களுக்கு அப்பால், ஒரு சிறு படகு வடக்கு நோக்கி விரைகிறது. அதில் கேப்ரியல். ஒருவருக்கும் தெரியாது. விழித்தெழுந்தவள், ‘அவர் எங்கோ பக்கத்தில் இருப்பதாக என் மனம் சொல்கிறது’ என்கிறாள். கூட வரும் பாதிரியார், ‘உன் மனம் சொல்வது சரிதான் மகளே, தெற்கே சற்றுத் தூரத்தில்தான் ஊர்’ என்று தெற்கைக் காட்டுகிறார். அவளுடைய மனம் சரியாகச் சொன்னது, பாதிரியார் அன்போடு தவறான திசையைக் காட்டினார். கவிஞர் இதற்கு ஒரு சொல்கூட விளக்கம் எழுதவில்லை. லாங்ஃபெல்லோவை உணர்ச்சிப் பிழிவு என்று ஒதுக்குபவர்கள் இந்த இடத்தை மறுபடி படிக்கலாம்.

யாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்தக் கவிதையின் புகழிலும் கேலியிலும் பாதி அதனால் வந்தது. ஹோமரும் வர்ஜிலும் கையாண்ட அறுசீர் அடியை லாங்ஃபெல்லோ ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். அது எப்படி ஒலிக்கும் என்று அறிய உங்களுக்கு ஆங்கிலம் தேவையில்லை. கூவிளம் கூவிளம் கூவிளம் கூவிளம் கூவிளம் தேமா என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஏறக்குறைய அதுதான். கிரேக்கத்திலும் லத்தீனிலும் நெடில் குறில் கணக்கு. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் அசையழுத்தம் நிற்கிறது. நடுவில் சில கூவிளங்களுக்குப் பதிலாகத் தேமா நுழையும். எதுகையும் இல்லை, அடியிறுதியில் இயைபும் இல்லை. ஆங்கிலச் செவிக்கு இது குதிரை நொண்டுவதுபோல் கேட்கிறது என்று அப்போதே குறை சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அலை வந்து வந்து திரும்பும் ஒரு கரையிலிருந்து தொடங்கி, ஆறு ஆறாகப் போகும் கதைக்கு இந்த நீண்ட, சற்றே தூக்கக் கலக்கமான நடை பொருந்துகிறது. அவருக்கு முன்மாதிரியாகக் கோத்தேயின் ‘ஹெர்மனும் டொரோத்தியாவும்’ இருந்தது. 1797-இல் வந்த அதுவும் அறுசீர் அடியில் அமைந்தது, அதுவும் அகதிகளுக்கு நடுவே நடக்கும் காதல் கதைதான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எவாஞ்சலின் கற்பனை என்பதற்கு லாங்ஃபெல்லோவின் நாட்குறிப்பே சாட்சி. 1845 நவம்பர் இறுதியில் வேலையைத் தொடங்கியபோது அவர் கவிதைக்கு இட்ட பெயர் ‘கேப்ரியேல்’, அதாவது அந்தப் பெயரின் பெண்பால் வடிவம். சில நாட்கள் கழித்து, கேப்ரியேலா, செலஸ்தீனா, எவாஞ்சலினா, எதை வைப்பது என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு இப்படிப் பெயர் பொறுக்க வேண்டியதில்லை. கைவிட்ட பெயரை நாயகனுக்குக் கொடுத்துவிட்டார் என்பது என் ஊகம். அதற்கு ஆதாரம் கேட்காதீர்கள். 1847 பிப்ரவரி 27, தன் நாற்பதாவது பிறந்தநாளில், கவிதையை முடித்தார்.

கதைக்கரு அவருடையதல்ல என்பதும் உறுதி. பாஸ்டனில் பாதிரியாராக இருந்த ஹொரேஸ் கானலி என்பவர் அதை முதலில் தம் நண்பரான எழுத்தாளர் நத்தானியேல் ஹாதோர்னிடம் சொல்லியிருக்கிறார். ஹாதோர்ன் அதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தாரே தவிர, கதையாக்கவில்லை. 1840 வாக்கில் பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில் லாங்ஃபெல்லோவின் வீட்டு விருந்தில் மூவரும் கூடியபோது கானலி மறுபடி சொல்ல, ‘உமக்கு வேண்டாம் என்றால் எனக்குக் கவிதைக்குக் கொடுத்துவிடும்’ என்று லாங்ஃபெல்லோ ஹாதோர்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு கதையை ஒரு எழுத்தாளர் இன்னொருவருக்கு இப்படி மனமாரத் தாரைவார்த்தது இலக்கிய உலகில் அபூர்வம்தான். கவிதை வெளிவந்ததும் அதை வரவேற்று ஹாதோர்ன் மதிப்புரையும் எழுதினார். கானலிக்கு யார் சொன்னார்கள் என்பதில்தான் சிக்கல். அவர் சபையைச் சேர்ந்த ஒரு பெண்மணி சொன்னதாக ஒரு செய்தி. ஒரு பிரெஞ்சுக் கனடியரிடம் கேட்டதாக ஹாதோர்னின் குறிப்பு. அதற்குப் பின்னால் உண்மையில் பிரிந்த ஒரு தம்பதி இருந்தார்களா என்பதை இந்த இரண்டு செய்திகளை வைத்துச் சொல்ல முடியாது. இருந்திருக்கலாம். வாய்வழியாக வரும் கதை இரண்டு தலைமுறை கடந்த பிறகு யாரையும் சுட்டாது.

ஹாதோர்னின் குறிப்பில் ஒரு விவரம் இருக்கிறது. அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். அதன்படி ஆண்கள் நியூ இங்கிலாந்து எங்கும், அதாவது பாஸ்டனைச் சுற்றியுள்ள அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி எங்கும், பிரித்து அனுப்பப்பட்டார்கள். மணப்பெண் நியூ இங்கிலாந்திலேயே வாழ்நாள் முழுவதும் அலைந்து, முதுமையில் மணமகனை மரணப்படுக்கையில் கண்டு, அந்த அதிர்ச்சியில் தானும் இறந்தாள்.

நீங்கள் படத்தில் பார்த்தது லூசியானாவில் செயின்ட் மார்ட்டின்வில் ஊர்த் தேவாலயத்தை ஒட்டி நிற்கும் சிலையாக இருக்க வேண்டும். அதன் கதை விசித்திரமானது. 1907-இல், கவிதை வந்து அறுபது ஆண்டுகள் கழித்து, அந்த ஊர்க்காரரான ஃபெலிக்ஸ் வோர்ஹீஸ் ஒரு புத்தகம் வெளியிட்டார். உண்மையான எவாஞ்சலின் எம்மலின் லபீஷ் என்ற பெண், உண்மையான கேப்ரியல் லூயி ஆர்செனோ, இருவரும் எங்கள் ஊரில் ஒரு ஓக் மரத்தடியில் சந்தித்தார்கள், அவன் வேறொருத்திக்கு வாக்குக் கொடுத்துவிட்டதால் அவளுக்குச் சித்தம் கலங்கியது என்று தம் பாட்டி சொன்னதாக எழுதினார். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. ஓக் மரத்துக்குப் பெயர்ப்பலகை வந்தது. 1929-இல் எடுக்கப்பட்ட திரைப்படத்தில் எவாஞ்சலினாக நடித்த டொலோரஸ் டெல் ரியோவின் சாயலில் செய்த சிலையை அங்கே வைத்தார்கள். ஆக நீங்கள் பார்த்த முகம் ஒரு மெக்சிகோ நடிகையின் முகம். இந்த எம்மலின் கதைக்கு அக்கால ஆவணங்களில் ஆதாரம் இல்லை என்பதை வரலாற்றாசிரியர் கார்ல் பிராஸோ 1988-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகக் காட்டிவிட்டார். கவிதையிலிருந்து பிறந்த கதைதான் கவிதைக்கு மூலம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஊர்க்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்கள் முன்னோர் பட்ட பாட்டுக்கு ஒரு முகம் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

ஏனென்றால் பாடு உண்மை. 1713-இல் உட்ரெக்ட் உடன்படிக்கைப்படி அந்த நிலம் பிரிட்டன் கைக்கு மாறியது. பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசமாக இருப்போம், ஆனால் பிரான்சுக்கு எதிராக ஆயுதம் எடுக்கமாட்டோம் என்ற நிபந்தனையோடு அக்காடியர்கள் ஒரு தலைமுறைக்கு மேல் காலம் தள்ளினார்கள். 1755-இல் மறுபடி போர் மேகம் சூழ்ந்தபோது பிரிட்டிஷார் நிபந்தனையற்ற சத்தியம் கேட்டார்கள், அக்காடியர்கள் மறுத்தார்கள். ஆளுநர் பொறுப்பிலிருந்த சார்லஸ் லாரன்ஸும் அவருடைய ஆலோசனைக் குழுவும் ஜூலை 28 அன்று எல்லோரையும் வெளியேற்றுவது என்று முடிவெடுத்தார்கள். செப்டம்பர் 5 பிற்பகல் மூன்று மணிக்குக் கிராண்ட் ப்ரே தேவாலயத்தில் 418 ஆண்கள் அடைக்கப்பட்டார்கள். அந்த வட்டாரத்திலிருந்து மட்டும் சுமார் 2,200 பேர் கப்பலேற்றப்பட்டார்கள். 1763 வரை நீடித்த அந்த வேட்டையில் மொத்தம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பெயர்க்கப்பட்டார்கள். நோயிலும் கடலிலும் இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

இந்தப் பெரிய சட்டகத்தில் கவிதை பிழையில்லை. நுணுக்கத்துக்குப் போனால் பிழை உண்டு. ஐந்தாம் நாள் காட்சிக்கு அடித்தளம் இருக்கிறது: செப்டம்பர் 10-ஆம் தேதி இளைஞர்களைத்தான் முதலில் கப்பல்களுக்கு நடத்திப் போனார்கள், வழிநெடுகப் பெண்கள் அழுதும் ஜெபித்தும் நின்றார்கள். குடும்பங்களை ஏற்றியதோ அக்டோபரில். வீடுகளை எரித்தது பெரும்பாலும் அதற்கும் பிறகு. அந்த வட்டாரத்துப் பாதிரியார்களை ஆகஸ்டிலேயே கைது செய்துவிட்டார்கள். ஆகவே கலகத்தை அடக்கி ஜெபிக்கச் சொல்லும் கவிதைப் பாதிரியார் அன்று அங்கே இருந்திருக்க முடியாது. எவாஞ்சலின் கடைசியில் சேர்வதாகச் சொல்லப்படும் ‘கருணைச் சகோதரிகள்’ சபை டப்ளினில் தொடங்கியது 1831-இல். கவிதையின் கொள்ளைநோய் 1793-இல் ஃபிலடெல்ஃபியாவில் வந்த மஞ்சள் காய்ச்சல் என்று கொண்டால், காலம் முப்பத்தெட்டு ஆண்டுகள் இடிக்கிறது. கணவன் மனைவியரைப் பிரித்ததுதான் வழக்கமா என்பதும் ஐயத்துக்குரியது. குடும்பங்களைச் சேர்த்தே அனுப்பவேண்டும் என்று தளபதி எண்ணியதற்குச் சான்று இருக்கிறது. அவசரத்தில் நடந்தது வேறு. தாத்தா, அத்தை, கட்டிக்கொடுத்த மகள் என்று பல கிளைகளாக வாழ்ந்த குடும்பங்கள் வெவ்வேறு கப்பல்களில் சிதறின. இதற்குக் கவிதையிலேயே ஓர் உண்மை மனிதர் இருக்கிறார். அந்த நோட்டரி ரெனே லெப்லாங் வாழ்ந்தவர். இருபது பிள்ளைகள், நூற்றைம்பது பேரப்பிள்ளைகள் கொண்ட அவரை மனைவியோடும் கடைசிப் பிள்ளைகள் இருவரோடும் நியூயார்க்கில் இறக்கிவிட்டார்கள், ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மேலும் மூவரை மட்டுமே கண்டுபிடித்தார், அங்கேயே இறந்தார் என்று அங்கிருந்த அக்காடியர்கள் மன்னருக்கு அனுப்பிய மனு சொல்கிறது. கற்பனை நாயகியைவிட இந்தக் கிழவர்தான் என்னை அதிகம் தொந்தரவு செய்பவர்.

இப்போது நான் தொடக்கத்தில் சொன்ன இடத்துக்கு வருகிறேன். தேவாலயத்தில் தளபதி பேசும் வரிகளைக் கவிதையில் பாருங்கள்: என் இயல்புக்கும் குணத்துக்கும் இந்தக் கடமை வருத்தமானது, உங்களுக்கு இது துயரமாக இருக்கும் என்று அறிவேன் என்கிறார். இது லாங்ஃபெல்லோ புனைந்த பேச்சு அல்ல. அன்று பேசிய லெப்டினன்ட் கர்னல் ஜான் வின்ஸ்லோவின் நாட்குறிப்பில் இருக்கும் பேச்சை, சொற்களைக்கூட அதிகம் மாற்றாமல், அறுசீரில் அடுக்கியிருக்கிறார். நோவா ஸ்கோஷியாவின் வரலாறாக ஹாலிபர்ட்டன் 1829-இல் எழுதிய நூல் அவர் கையில் இருந்தது. ஆனால் பேசியவரின் பெயரைக் கவிதை சொல்லவில்லை, வெறும் ‘தளபதி’. அந்தத் தளபதி லண்டனிலிருந்து வந்தவர் அல்ல, மாசசூசெட்ஸ்காரர், அதாவது பாஸ்டன் பக்கத்து ஆள். நியூ இங்கிலாந்தின் தொடக்கக் குடியேறிகளை 1620-இல் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த மேஃப்ளவர் கப்பலில் வந்த எட்வர்ட் வின்ஸ்லோவின் கொள்ளுப்பேரன். அவருடைய படையினரும் மாசசூசெட்ஸ் இளைஞர்கள். கப்பல்களை ஏற்பாடு செய்ததும் ஒரு பாஸ்டன் வணிக நிறுவனம். தாய்வழியில் தானும் மேஃப்ளவர் வம்சத்தவரான ஒரு மாசசூசெட்ஸ் கவிஞர், மாசசூசெட்ஸ் நகரம் ஒன்றில் உட்கார்ந்து எழுதிய கவிதையில் பழி முழுவதும் கடல்கடந்த மன்னரின் தலையில் விழுகிறது.

ஹாதோர்னின் குறிப்பை இங்கே திரும்பப் பாருங்கள். மூலக்கதையில் அந்தப் பெண் அலைந்தது நியூ இங்கிலாந்தில். லாங்ஃபெல்லோ அவளை அங்கிருந்து எடுத்து மேற்கிலும் தெற்கிலும் அலையவிட்டார். அவர் பார்த்தேயிராத மிசிசிப்பிக்கு. பாஸ்டனில் அப்போது காட்டப்பட்ட, சுருள் சுருளாக விரியும் ஒரு மிசிசிப்பி ஓவியத்தைப் பார்த்துத்தான் அந்த ஆற்றுக் காட்சிகளுக்குத் தெம்பு பெற்றார். உண்மையில் ஏறத்தாழ ஆயிரம் அக்காடியர்கள் மாசசூசெட்ஸில் இறக்கப்பட்டார்கள். ஊர் ஊராகப் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டார்கள். பிள்ளைகளைப் பிடுங்கி வேறு வீடுகளில் வேலைக்கு விடுகிறார்கள் என்று அரசுக்கு மனு எழுதினார்கள். கவிதையில் இதற்கு இடமில்லை.

கவிதையின் முகப்பிலும் இதேதான். அந்த இனிய பண்ணைகள் பாழாகிவிட்டன, உழவர்கள் என்றென்றைக்குமாகப் போய்விட்டார்கள் என்று தொடங்குகிறார். பண்ணைகள் பாழாகவில்லை. அக்காடியர்கள் செய்த வேலை அப்படிப்பட்டது. பதினாறு மீட்டர் வரை கடல் ஏறும் ஃபண்டி வளைகுடாவின் கிளைதான் மைனஸ் வளைகுடா. சேற்று நிலத்தைச் சுற்றிக் கரை கட்டி, அடியில் மரத்தால் ஆன மதகு வைப்பார்கள். அதன் கதவு ஒரு பக்கம் மட்டுமே திறக்கும். கடல் ஏறும்போது அதன் அழுத்தமே கதவை மூடிவிடும், இறங்கும்போது உள்ளே நிற்கும் மழைநீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். சில ஆண்டுகளில் மழை உப்பைக் கழுவிவிட, பொன் விளையும் பூமி கிடைக்கும். கடலை வரவேற்று மேய விடும் மதகு என்று கவிதை அழகாகச் சொல்கிறது. மதகின் முதல் வேலை அதற்கு நேர்மாறு. இப்படிப் பண்படுத்திய நிலத்தை யார் பாழாக விடுவார்கள்? 1760-இல் கனெக்டிகட் முதலிய இடங்களிலிருந்து வந்த நியூ இங்கிலாந்துக் குடியேறிகளுக்கு அது பிரித்துக் கொடுக்கப்பட்டது. 1764-க்குப் பிறகு அக்காடியர்கள் சிறுசிறு குழுக்களாகத் திரும்ப அனுமதி கிடைத்தபோது தங்கள் வயலில் வேறு யாரோ உழுதுகொண்டிருப்பதைக் கண்டார்கள். ‘ஆதிக் காடு இது’ என்ற புகழ்பெற்ற முதல் வரியும் அந்த ஊருக்குச் சரியாகப் பொருந்தவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் சமவெளியும் சேறும்தான். அந்த மண்ணின் பூர்வகுடிகளான மிக்மாக் மக்கள் கவிதையில் நிழலாகக்கூட இல்லை என்றே சொல்லலாம்.

லாங்ஃபெல்லோ வேண்டுமென்றே தம் ஊரை மறைத்தார் என்று நான் குற்றம் சாட்டவில்லை. அதற்குக் கடிதமோ குறிப்போ நான் கண்டதில்லை. 1842-லேயே அடிமை முறையைக் கண்டித்துக் கவிதைத் தொகுதி வெளியிட்டவர். தம் நாட்டின் அழுக்கைப் பேச அஞ்சியவர் அல்லர். காதல் கதைக்குக் குற்றவாளியின் முகவரி தேவையில்லை என்று நினைத்திருக்கலாம். ஆனால் விளைவு என்னவோ ஒன்றுதான்: பாஸ்டன் வாசகர் மனச்சாட்சி உறுத்தாமல் அழ முடிந்தது.

அக்காடியர்கள் இந்தக் கவிதையை என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. 1865-இல் கியூபெக் கவிஞர் பாம்ஃபீல் லெமே அதைப் பிரெஞ்சில் கொண்டுவந்தார். 1881-இல் மெம்ராம்குக் ஊரில் அக்காடியர்கள் தங்கள் முதல் தேசிய மாநாட்டைக் கூட்டினார்கள். 1887-இல் அவர்களுக்கென ஒரு செய்தித்தாள் தொடங்கப்பட்டபோது அதற்கு ‘எவாஞ்சலின்’ என்றே பெயரிட்டார்கள். அது 1982 வரை வந்தது. ஆங்கிலம் பேசும் ஒரு புராட்டஸ்டன்ட் எழுதிய கற்பனைப் பெண்ணைக் கத்தோலிக்கப் பிரெஞ்சு மக்கள் தங்கள் குலமகளாக ஏற்றுக்கொண்டார்கள். உலகம் அவர்களை மறந்திருந்த நேரத்தில் அவள் பெயர்தான் கதவைத் திறந்தது. தாய்வழியில் அக்காடியரான ஜான் ஃப்ரெடரிக் ஹெர்பின் 1907-இல் கிராண்ட் ப்ரேயின் பழைய தேவாலயம் இருந்த இடத்தை விலைக்கு வாங்கிக் காப்பாற்றினார். 1920-இல் அங்கே எவாஞ்சலினுக்குச் சிலை எழுந்தது. ரயில் கம்பெனியும் ‘எவாஞ்சலின் நாடு’ என்று விளம்பரம் செய்து டிக்கெட் விற்றது. 2012-இல் அந்த நிலப்பரப்பை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது.

பின்னாளில் அவர்களுக்கு அவள் அலுத்தும் போனாள். தலைகுனிந்து, பொறுத்து, தேடி, இறுதியில் இறைவனுக்கு நன்றி சொல்லும் பெண் ஒரு இனத்துக்கு எத்தனை நாள் போதும்? அட்லாண்டிக் கரையோரம் ஒரு சில அக்காடியர்கள் எஞ்சியிருக்கிறார்கள், அவர்களுடைய தந்தையர் தாய்மண்ணில் சாவதற்காகத் திரும்பி வந்தார்கள் என்று கவிதை முடிகிறது. சாவதற்காகவா வந்தார்கள்? அக்காடிய எழுத்தாளர் அந்தோனின் மைலே 1979-இல் எழுதி, பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்ற ‘பெலஜி-லா-ஷரெத்’ நாவலில் ஒரு விதவை மாட்டு வண்டி கட்டிக்கொண்டு ஜார்ஜியாவிலிருந்து தன் சனங்களை வடக்கே ஊருக்குத் திரும்ப அழைத்துவருகிறாள். அவளுக்கு வாய் உண்டு, கோபம் உண்டு. மொழிபெயர்ப்பும் அகராதியுமாக அதைப் படித்த பிறகுதான் லாங்ஃபெல்லோ எதை எழுதாமல் விட்டார் என்பது எனக்கே முழுதாகப் புலப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் படிக்க முடிந்தால் படியுங்கள்.

உங்கள் கொள்ளுத்தாத்தா கவிதையைப் படித்துத்தான் பெயர் வைத்தார் என்பது நடக்கக்கூடியதுதான், ஆனால் அதுவே முடிவல்ல. நற்செய்தி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழியில் வந்த பெயர் அது. திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் கவிதையை எட்டிப் பார்க்காதவர்களும் வைத்திருக்கிறார்கள். என் வகுப்புகளில் சில ஆண்டுகள் இரண்டு எவாஞ்சலின்கள்கூட உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்திக்கும் லாங்ஃபெல்லோவைத் தெரியாது. வீட்டில் பழைய புத்தகப் பெட்டி ஏதாவது இருந்தால் தேடுங்கள். ஓரத்தில் கோடு போட்ட ஒரு பிரதி கிடைத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

கிராண்ட் ப்ரே உழவர்கள் அவளை எவாஞ்சலின் என்று மட்டும் கூப்பிடவில்லை என்று கவிதையில் வருகிறது. புனித யூலாலி திருநாளில் வெயில் அடித்தால் அந்த ஆண்டு ஆப்பிள் மரங்கள் காய்த்துக் குலுங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் அவளுக்கு ‘யூலாலி நாள் வெயில்’ என்று ஒரு செல்லப்பெயர். உங்கள் பாட்டியை வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று நீங்கள் எழுதவில்லையே?